தெருவில் ஒரு சங்கம் தொடங்குவது எப்படி? தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், லெனேசியா, லாடியம் போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களுக்கும், அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து குடியேறியவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பக்கம். முதியோர் மன்றம், தமிழ் வகுப்பு, ஈமச் சங்கம், தெருக் காவல், பசித்தவர்க்குச் சோறு என எதைத் தொடங்கினாலும் முதலில் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

குறைந்தது எத்தனை பேர் வேண்டும்?

நடைமுறையில் மூன்று பேர் போதும். ஒரே நோக்கத்துக்காக மூவர் கூடி, லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வதில்லை என்று எழுதி ஒப்புக்கொண்டால் தன்னார்வச் சங்கம் உருவாகிவிடும். ஆனால் மூவரை நம்பித் தொடங்காதீர்கள். ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும், இன்னொருவர் மகளைப் பார்க்க வெளியூர் போவார், மிச்சம் ஒருவர் தலையில் எல்லாம் விழும். ஐந்து முதல் ஏழு பேர் சரியான அளவு. பத்தைத் தாண்டினால் "அவர் செய்வார்" என்று ஆளுக்கு ஆள் கைகாட்டத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த ஏழு பேரும் குறைந்தது நான்கு வீட்டைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும். கணவர் தலைவர், மனைவி பொருளாளர், மைத்துனர் செயலாளர் என்று இருந்தால், அவர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும் ஊர் நம்பாது. பின்னால் வரி விலக்குக்கு விண்ணப்பிக்கும்போதும் இது இடிக்கும். ஒருவருக்கொருவர் உறவில்லாத மூவராவது பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது வருமான வரித்துறையின் விதி.

முதல் கூட்டத்துக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

நடக்க வேண்டும். இருவர் இருவராகச் சேர்ந்து இருபது வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம், மூன்றே கேள்விகள்: இந்தத் தெருவில் உங்களுக்கு எது பெரிய சிரமம்? எதில் உங்களால் கைகொடுக்க முடியும்? எந்த நாள், எந்த நேரம் வசதி? பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இருபது வீட்டில் எட்டு வீடு ஒரே சிரமத்தைச் சொன்னால் அதுதான் உங்கள் முதல் வேலை. எல்லாரும் வேறு வேறு சொன்னால் அவற்றில் மிகச் சிறியதை எடுங்கள், ஆறு வாரத்தில் முடிக்கக்கூடியதாகப் பார்த்து. ஓய்வூதியம் வாங்கப் போகும் பாட்டிகளுக்கு வண்டி ஏற்பாடு செய்வது சங்கம் தொடங்கப் போதுமான காரணம். "சமூகத்தை முன்னேற்றுவது" போதாது. அடுத்த சனிக்கிழமை யார் எங்கே நிற்க வேண்டும் என்று அது சொல்வதில்லை.

முதல் கூட்டத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வேலை தொடங்குவதற்கு முன் பதவி கொடுத்தால், பதவிக்காக வந்தவர்கள் அமர்ந்துவிடுவார்கள். வேலைக்காக வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பெயர், சின்னம், பதாகை ஆகியவையும் அப்படித்தான். முதல் கூட்டம் முழுவதும் பெயர் வைப்பதிலேயே போய், இரண்டாம் கூட்டத்துக்குப் பாதிப் பேரே வருவது அடிக்கடி நடப்பது.

ஒரு மணி நேரக் கூட்டத்தை இப்படிப் பிரிக்கலாம். பத்து நிமிடம் அறிமுகம். பதினைந்து நிமிடம் வீடு வீடாகக் கேட்டதை வாசித்தல். இருபது நிமிடம் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்து, யார் எதைச் செய்வார், எந்தத் தேதிக்குள் என்று பெயருடன் எழுதுதல். மீதி நேரம் தேநீர். அடுத்த கூட்டத்தின் தேதியைச் சொல்லாமல் யாரையும் எழுந்து போகவிடாதீர்கள். வாரமோ மாதமோ, நாளும் நேரமும் மாறாமல் இருக்கட்டும். "மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை மூன்று மணி" என்றால் வாட்ஸாப் பார்க்காத தாத்தாவும் வந்துவிடுவார்.

மூன்று மாதம் வேலை நடந்த பிறகு தேர்தல் வையுங்கள். யார் சொன்ன நேரத்துக்கு வருகிறார், யார் நாற்காலியை மடக்கிவைத்துவிட்டுப் போகிறார் என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

கோயில் இருக்கிறது, பழைய சங்கமும் இருக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு?

சில நேரம் தேவையே இல்லை. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் மக்களை வேரோடு பிடுங்கி சாட்ஸ்வர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் அனுப்பியபோது, அக்கம்பக்க உறவுகள் சிதறிப்போயின. புதிய இடங்களில் மக்களை மறுபடி ஒன்றுசேர்த்ததில் கோயில்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே முதலில் கோயில் நிர்வாகக் குழுவைப் போய்ப் பாருங்கள். "புதிதாக ஒரு சங்கம் தொடங்குகிறோம்" என்று அறிவிக்காமல், "இந்த வேலையைச் செய்ய நினைக்கிறோம், உங்களிடம் யாராவது செய்கிறார்களா?" என்று கேளுங்கள். ஏற்கெனவே செய்பவர் இருந்தால் அவரோடு சேர்ந்துவிடுங்கள்.

யாரும் செய்யவில்லை என்றால், கோயில் மண்டபத்தைக் கேட்டுப் பெறலாம். கோயில் பணமும் உங்கள் பணமும் ஒரே கணக்கில் கலக்கக் கூடாது. கோயிலின் வங்கிக் கணக்கைத் தற்காலிகமாகப் பயன்படுத்தினாலும் தனிப் பேரேடு வைத்து, மாதம் ஒருமுறை இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். உற்சவ நேரத்தில் உண்டியல் பணம் எது, குழுப் பணம் எது என்ற சண்டை வந்தால் இரண்டு பக்கமும் பெயர் கெடும்.

தமிழர் மட்டுமா, எல்லாரையும் சேர்க்கலாமா?

வேலையைப் பொறுத்தது. தமிழ் வகுப்பு, கும்மி, தேவாரம் என்றால் தமிழ் ஆர்வலர்கள்தான் வருவார்கள். அரசியல் சாசனத்தின் 31ஆம் பிரிவு பண்பாட்டு, சமய, மொழிச் சமூகங்கள் தங்களுக்கென்று சங்கம் அமைக்கும் உரிமையை உறுதி செய்கிறது. மற்ற உரிமைகளோடு முரண்படக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, மதிப்பளிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக வைக்கிறது.

தெருவிளக்கு, குப்பை, காவல், வெள்ளம் இவற்றுக்குத் தமிழ்ச் சங்கம் என்று வைக்காதீர்கள். பக்கத்து வீட்டில் ஜூலு குடும்பம் இருக்கிறது, எதிர் வீட்டில் உருது பேசும் குடும்பம் இருக்கிறது. சாக்கடை அடைத்தால் எல்லார் வாசலிலும்தான் நிற்கும். தெருவின் பெயரிலேயே சங்கத்தை அமையுங்கள். முதல் ஏழு பேரிலேயே இரண்டு மூன்று பேர் மற்றச் சமூகத்தினராக இருக்க வேண்டும். எல்லாம் முடிவான பிறகு அழைத்தால், விருந்துக்குக் கடைசிப் பந்தியில் கூப்பிட்டது போல் இருக்கும்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று. இங்கே நாயுடு, கவுண்டர், படையாச்சி, முதலி, பிள்ளை, செட்டி எல்லாம் குடும்பப் பெயர்கள். அதை வைத்து யாருடைய சாதியையும் கணக்கிடாதீர்கள், படிவத்தில் கேட்காதீர்கள், பேச்சுவாக்கில்கூடக் கேட்காதீர்கள். கேட்டவுடன் அந்த வீடு உங்களுக்கு மூடிவிடும்.

பலருக்குத் தமிழ் பேச வராது. கூட்டத்தை எந்த மொழியில் நடத்துவது?

ஆங்கிலத்தில் நடத்துங்கள், தமிழை உள்ளே கொண்டுவாருங்கள். பணம், விதிமுறை, முடிவு இவையெல்லாம் எல்லாருக்கும் புரியும் மொழியில்தான் இருக்க வேண்டும். புரியாமல் கை தூக்கிய தீர்மானம் பின்னால் சண்டையாகும். தொடக்கப் பாட்டு, வரவேற்பு, நன்றி, முறைப்பெயர்கள் தமிழில் இருக்கட்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் வேகமாகத் தமிழில் பேசி, உள்ளூர் அண்ணன் அக்காக்களைத் தலைகுனிய வைக்கக் கூடாது. பள்ளியில் கற்கப் பெரும்பாலும் வழியில்லாமல், ஆங்கிலம் சூழ்ந்த நாட்டில், இத்தனை தலைமுறை காவடியையும் புரட்டாசி விரதத்தையும் ஆடிக் கூழையும் விடாமல் காத்தவர்கள் அவர்கள்.

சங்கத்தின் சாசனத்தில் (விதிமுறை ஏட்டில்) என்னென்ன எழுத வேண்டும்?

நான்கு பக்கம் போதும். பிறகு பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், 1997ஆம் ஆண்டின் லாபநோக்கற்ற அமைப்புகள் சட்டம் கேட்பவற்றை இப்போதே எழுதிவிடுங்கள், இரண்டு முறை எழுதும் வேலை மிச்சம். அமைப்பின் பெயர், முதன்மை நோக்கமும் துணை நோக்கங்களும், செய்த வேலைக்கு நியாயமான ஊதியம் தவிர வருமானமும் சொத்தும் உறுப்பினர்களுக்குப் பங்கிடப்படாது, உறுப்பினர்கள் மாறினாலும் அமைப்பு தனி ஆளுமையோடு தொடரும், அதன் அதிகாரங்களும் நிர்வாக அமைப்பும், கூட்டம் கூட்டும் முறை, குறைந்தபட்ச வருகை, நடவடிக்கைக் குறிப்பு, முடிவெடுக்கும் முறை, பணம் வங்கிக் கணக்கு வழியாகவே போகும், நிதியாண்டு முடியும் தேதி, சாசனத்தைத் திருத்தும் முறை, கலைக்கும் முறை, கலைத்தால் மீதிச் சொத்து அதே போன்ற நோக்கமுள்ள வேறொரு லாபநோக்கற்ற அமைப்புக்குப் போகும். இவை கட்டாயம்.

சட்டம் கேட்காத, ஆனால் சங்கத்தைக் காப்பாற்றும் மூன்று வரிகளும் உண்டு. ஒருவர் ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இருக்கக் கூடாது. தொடர்ந்து மூன்று கூட்டத்துக்குக் காரணம் சொல்லாமல் வராத நிர்வாகியின் இடம் தானாகக் காலியாகும். நிர்வாகி ஒருவரின் கடையிலோ உறவினரிடமோ பொருள் வாங்கினால் அதை முன்பே அறிவித்து, அந்த வாக்கெடுப்பில் அவர் விலகியிருக்க வேண்டும்.

குறைந்தபட்ச வருகையை மிகையாக வைத்துவிடாதீர்கள். அறுபது உறுப்பினருள்ள சங்கத்தில் பாதிப் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று எழுதினால், மழை பெய்த ஞாயிறு எல்லாம் கூட்டம் ரத்து. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, நிர்வாகக் குழுவுக்குப் பாதிக்கு மேல் ஒருவர் என்பது நடக்கக்கூடிய கணக்கு.

பதிவு கட்டாயமா?

உள்நாட்டில் மட்டும் செயல்படும் தன்னார்வச் சங்கத்துக்குக் கட்டாயமில்லை. நகராட்சி மானியம், லாட்டரி நிதி, நிறுவனங்களின் நன்கொடை இவற்றைக் கேட்கும்போதுதான் பதிவெண் கேட்பார்கள். ஓராண்டு வேலை செய்து பார்த்துவிட்டுப் பதியுங்கள். சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு இலவசம். பணம் வாங்கிக்கொண்டு பதிந்து தருகிறேன் என்று வரும் தரகர்களிடம் போக வேண்டாம். படிவத்தில் நீங்களே நிரப்ப முடியாதது எதுவும் இல்லை.

பதிவுக்குப் பின் வரும் கடமையைத்தான் பலர் மறக்கிறார்கள். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் செயல்பாட்டு அறிக்கையும் கணக்கும் துறைக்குப் போக வேண்டும். பிப்ரவரியில் ஆண்டு முடித்தால் நவம்பர் இறுதி கடைசி. நிர்வாகி, முகவரி, சாசனம் எது மாறினாலும் தெரிவிக்க வேண்டும். இவற்றைத் தவறவிட்டால் பதிவு ரத்தாகலாம், பெரும்பாலும் மானியம் கேட்டு நிற்கும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

லாபநோக்கற்ற கம்பெனி என்ற இன்னொரு வடிவமும் உண்டு. சம்பளத்துக்கு ஆள் வைத்து, கட்டடம் வாங்கி நடத்துபவர்களுக்கு அது பொருந்தும். தெருச் சங்கத்துக்கு வேண்டாம்.

நன்கொடையாளர்கள் வரிச்சலுகைச் சான்று கேட்கிறார்கள். கிடைக்குமா?

துறைப் பதிவும் வரி விலக்கும் வேறு வேறு. வரி விலக்குக்கு வருமான வரித்துறையில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் மேல், நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும், வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு அங்கீகாரம் எல்லா வேலைக்கும் கிடையாது. ஏழைகளுக்கு உணவு, வறிய முதியோர் பராமரிப்பு போன்றவை பட்டியலில் உண்டு, வழிபாடு இல்லை. கோயில் திருப்பணிக்கு 18ஏ ரசீது தருவதாக யாராவது சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள்.

வங்கிக் கணக்கு திறக்க என்ன கேட்பார்கள்?

கையெழுத்திட்ட சாசனம், கணக்கு திறக்கத் தீர்மானித்த கூட்டத்தின் குறிப்பு, கையொப்பதாரர்களின் அடையாள அட்டை, முகவரிச் சான்று. தீர்மானத்தில் வங்கியின் பெயர், கையொப்பதாரர் மூவரின் முழுப் பெயர், "மூவரில் இருவர் சேர்ந்து" என்ற சொற்றொடர் மூன்றும் இருக்கட்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். கைப்பேசிச் செயலியிலும் ஒருவர் பணத்தை ஏற்ற, இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதியைக் கேட்டு வாங்குங்கள். காகிதத்தில் இருவர் கையெழுத்து, செயலியில் ஒருவரே எல்லாம் என்றால் காகித விதிக்குப் பயனில்லை.

கணக்கு திறக்கும்வரை யாருடைய சொந்தக் கணக்கிலும் பணம் போடச் சொல்லாதீர்கள். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தப் பணம் அவருடைய சொத்தோடு சேர்ந்து முடங்கும். பூட்டிய பெட்டி, பேரேடு, பெட்டி ஒரு வீட்டில், சாவி இன்னொரு வீட்டில். சிறு தொகைக்கு இது போதும்.

சந்தா எவ்வளவு வைக்கலாம்? மாதமா, ஆண்டா?

தெருவில் மிகக் குறைந்த வருமானமுள்ள குடும்பம் கூச்சமில்லாமல் தரக்கூடிய தொகை எதுவோ அது. முப்பது குடும்பம், மாதம் 50 ராண்ட் என்றால் ஆண்டுக்கு 18,000 ராண்ட். வராமல் போகும் சந்தாவுக்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்து 14,400 என்று வைத்தே செலவைத் திட்டமிடுங்கள்.

மாதச் சந்தாவின் தொல்லை புதிதல்ல. 1894இல் டர்பனில் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியபோது காந்தி முதலில் மாதச் சந்தாதான் வைத்தார். மாதாமாதம் அலைந்து வசூலிப்பது முடியாத காரியம் என்று கண்டு, ஆண்டுக்குக் குறைந்தது மூன்று பவுண்டு என்று மாற்றினார். எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது உண்டு என்பதும் அங்கே விதி. இன்றைக்கும் அதுவே சரி: ஆண்டுச் சந்தா வையுங்கள், முடியாதவர்கள் நான்கு தவணையில் தரட்டும். எண் அச்சிட்ட இரட்டைப் பிரதி ரசீதுப் புத்தகம் வாங்குங்கள். கிழிந்த ரசீதையும் தூக்கியெறியாமல் "ரத்து" என்று எழுதிப் புத்தகத்திலேயே குத்திவையுங்கள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் பொருளாளர் நான்கு எண்களை வாசிக்க வேண்டும்: தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு. வங்கி அறிக்கையைக் கூட்டத்தில் கைக்குக் கை சுற்றவிடுங்கள், பார்க்க விரும்புபவர் பார்க்கட்டும். யாரையும் சந்தேகப்பட்டு இதைச் செய்யச் சொல்லவில்லை. நேர்மையான பொருளாளருக்குத்தான் இது முதலில் பாதுகாப்பு.

சீட்டு நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் சங்கக் கணக்கோடு சேர்க்காமல். பன்னிரண்டு பேர், ஆளுக்கு 500 ராண்ட் என்றால் மாதம் 6,000 ஒருவருக்கு. இந்த நாட்டுக் கறுப்பின மக்களிடம் வேரூன்றிய ஸ்டோக்வெல் என்ற சேமிப்புக் குழுவும் நம் சீட்டும் ஒரே நம்பிக்கையில் நடப்பவை, கெடுவதும் ஒரே காரணத்தால்: முன்னால் எடுத்தவர் பின்னால் கட்டாமல் நிற்பது. அதனால் புதியவர்களுக்குக் கடைசி நான்கு முறைதான். யாருக்கு எந்த மாதம் என்பதை முதல் நாளே எழுதிப் பன்னிரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். அவசரத்துக்கு முறை மாற்றிக்கொள்ள இருவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இருபது பேருக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் ஒருவரையொருவர் தெரியாது.

ஈமச் சங்கம் எப்படி அமைப்பது?

துக்க வீட்டில் முதல் நாளிலிருந்து பதினாறாம் நாள் வரை என்னென்ன தேவை என்று எழுதிப் பாருங்கள். கூடாரம், நூறு நாற்காலி, ஆறு மடக்கு மேசை, இரண்டு பெரிய எரிவாயு அடுப்பு, தேநீர்க் கொதிகலன், பெரிய பானைகள். இவற்றை வாங்கி வைத்தாலே ஒரு குடும்பத்தின் பாதிச் சுமை இறங்கும். மின்வெட்டை நினைத்து எரிவாயுவும், தண்ணீர் நிற்பதை நினைத்து 25 லிட்டர் கேன் பத்தும் சேருங்கள்.

ஆட்களையும் முன்பே பிரித்துவையுங்கள். ஒருவர் மருத்துவமனை, உள்துறை அலுவலகக் காகிதங்களுக்கு (மரண அறிவிப்புப் படிவம் டிஎச்ஏ 1663), ஒருவர் தகனக்கூடத்துக்கும் பூசாரிக்கும், இருவர் சமையலுக்கு. துக்கத்தில் இருப்பவரிடம் "என்ன வேண்டும் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பார். கேட்காமல் போய் அடுப்பை வையுங்கள்.

பணமாக இத்தனை ஆயிரம் தருவோம் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். சந்தா வாங்கிக்கொண்டு குறிப்பிட்ட தொகைக்கு உறுதியளித்தால் காப்பீட்டுச் சட்டங்களின் எல்லைக்குள் போய்விடுவீர்கள், உரிமம் கேட்பார்கள். ஒரே மாதத்தில் மூன்று மரணம் நேர்ந்தால் சங்கமும் கவிழும். பொருளும் உழைப்பும் தருவதாகச் சொல்லுங்கள்; பண உறுதி வேண்டுமென்றால் உரிமம் பெற்ற நிறுவனத்தின் குழுத் திட்டத்தில் சேருங்கள்.

பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு தொடங்க விரும்புகிறோம்.

முதலில் பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, பிள்ளைகளோடு பணிபுரிபவர் யாராயினும் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில் (பிள்ளைகளோடு பணிபுரியத் தகுதியற்றவர்களின் பட்டியல்) பெயர் இல்லாதவர் என்று சரிபார்க்க வேண்டும். சங்கம் விசாரிக்கப் படிவம் 29, ஒருவர் தன் பெயரைத் தானே விசாரிக்கப் படிவம் 30. பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டுக்குத் தனியாகச் சான்று. பதில் வர நாளாகும், ஆகவே வகுப்பு தொடங்கப் பல மாதம் முன்பே அனுப்புங்கள். பெரியவர் இருவர் இல்லாமல் வகுப்பறை திறக்கக் கூடாது. "நம்ம அங்கிள்தானே" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

வகுப்பு வாரம் ஒருமுறை, ஒன்றேகால் மணி நேரம், பள்ளித் தவணையோடு ஒட்டி. 247 எழுத்தையும் அ, ஆவிலிருந்து வரிசையாகத் தொடங்கினால் மூன்றாம் வாரம் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ட, ப, ம என்ற மூன்றும் எழுத எளியவை. ஒரு புள்ளி சேர்த்தால் அன்றைக்கே படம், மடம், பட்டம் என்று வாசிக்கலாம். இரண்டாம் வாரம் அவரவர் பெயரைத் தமிழில் எழுதக் கொடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு விதமாகவே பார்த்துவந்த குடும்பப் பெயரைத் தமிழ் எழுத்தில் பார்க்கும்போது, பிள்ளையைவிட வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்குத்தான் கண் கலங்கும். அவர்களையும் உள்ளே உட்காரவையுங்கள். வீட்டில் பேசாத மொழி வாரத்துக்கு ஒருமுறையால் மட்டும் நிற்காது, வாரம் ஐந்து வாக்கியம் வீட்டுக்கு அனுப்புங்கள், "தண்ணி குடிச்சியா?" போன்றவை.

நிதி திரட்டப் பிரியாணி விற்கிறோம். கணக்கு எப்படி?

பத்துக் கிலோ அரிசி நூறிலிருந்து நூற்றிருபது பொட்டலம் தரும். காய்கறிப் பிரியாணிக்கு அதோடு இரண்டரைக் கிலோ மைசூர்ப் பருப்பு, எட்டுக் கிலோ அளவுக்கு உருளைக்கிழங்கும் காயும். முதலில் நூறு பொட்டலத்துக்கு மேல் போகாதீர்கள். பணம் கட்டிய முன்பதிவு எண்பதைத் தொட்ட பிறகே அரிசி வாங்குங்கள். நட்டம் வருவது பெரும்பாலும் இரண்டு வழியில்: வாய்ச்சொல் முன்பதிவும், "கமிட்டிக்கு இலவசம்" என்று கரையும் பொட்டலங்களும். சமைத்தவர்களுக்கும் கொடுங்கள், ஆனால் கணக்கில் எழுதிக் கொடுங்கள். புரட்டாசியில் இறைச்சிப் பிரியாணி ஓடாது, காய்கறி நன்றாகப் போகும். விற்பனைக்குச் சமைப்பதற்கு என்ன அனுமதி வேண்டும் என்று நகராட்சிச் சுகாதார அலுவலரிடம் முன்பே கேளுங்கள். குலுக்கல் சீட்டு விற்பது 1997ஆம் ஆண்டின் லாட்டரிச் சட்டத்துக்குள் வரும். பரிசுப் பொருள் வாங்குமுன் விதியைப் பாருங்கள். துன்னி சீட்டாட்டப் போட்டி வைத்தால் நுழைவுக் கட்டணமும் கோப்பையும் போதும், பந்தயப் பணம் வேண்டாம்.

தெருவில் திருட்டு அதிகம். காவல் குழு அமைக்கலாமா?

அமைக்கலாம், உங்கள் காவல் நிலையத்தின் சமூகக் காவல் மன்றத்தோடு இணைந்து மட்டும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது ஃபீனிக்ஸ் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். குடியிருப்பவர்கள் தாங்களே போட்ட சாலைத் தடைகளில், தோலின் நிறத்தை வைத்து ஆட்களை மறித்தது அந்தத் துயரத்தின் ஒரு பகுதி. அந்த வலி இரண்டு பக்கத்திலும் இன்னும் ஆறவில்லை. ஆகவே சாலையை மறிக்கும், ஆட்களைச் சோதனையிடும் எந்தக் குழுவிலும் சேராதீர்கள்.

காவல் குழுவின் வேலை பார்ப்பதும் சொல்வதும். இருவர் இருவராக, இரண்டு மணி நேரம், ஒளிரும் மேற்சட்டை, விளக்கு, குறிப்பேடு. துப்பாக்கி, தடி, நாய் எதுவும் கிடையாது. "சந்தேகத்துக்குரிய ஆள்" என்று எழுதக் கூடாது. என்ன செய்தார், எங்கே, எத்தனை மணிக்கு, வண்டி எண் என்ன என்றுதான் எழுத வேண்டும். பக்கத்துக் குடியிருப்பிலும் குழு இருந்தால் மாதம் ஒருமுறை சேர்ந்து உட்காருங்கள்; அந்த அறிமுகம் கலவர இரவில் உயிர் காக்கும்.

நகராட்சி நம் புகாரைக் கேட்பதே இல்லை.

புகார் எண் இல்லாத புகார் புகாரே இல்லை. தனித்தனி வீடுகளாகப் பதிவு செய்து, எண்களையெல்லாம் ஒரே பட்டியலாக்கி, தேதி, இடம், படத்தோடு வார்டு கவுன்சிலருக்கு அனுப்புங்கள். வார்டுக் குழுவில் கவுன்சிலரைத் தவிரப் பத்துப் பேர் வரை இருக்கலாம். உங்களில் ஒருவர் அதில் இடம்பெற முயலுங்கள். நகராட்சி நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரைவு வரவு செலவுத் திட்டம் மார்ச் இறுதிக்குள் வந்துவிடும், மக்கள் கருத்துச் சொல்லும் காலம் அதற்குப் பிறகுதான். நடைபாதை, மண்டபக் கூரை போன்றவற்றை ஏப்ரலில் எழுத்தில் கேளுங்கள். ஆகஸ்டில் கேட்டால் அடுத்த ஆண்டுதான்.

வாட்ஸாப் குழுவில் ஒரே சண்டை.

இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று அறிவிப்புக்கு, நிர்வாகிகள் மட்டும் எழுதுவது. இன்னொன்று பேச்சுக்கு. பணம், குற்றச்சாட்டு, ஒருவரின் உடல்நலம் மூன்றும் எதிலும் வரக் கூடாது. உறுப்பினர் பட்டியல், முகவரி, அடையாள எண் இவை தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 2021 ஜூலை முதல் அது முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. தேவையில்லாத எண்ணை வாங்கவே வேண்டாம்.

வெள்ளம் வந்தால் சங்கம் என்ன செய்ய முடியும்?

2022 ஏப்ரலில் குவாசூலு நேட்டாலில் 400க்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் இறந்தார்கள். அதுபோன்ற நேரத்தில் முதல் மணி நேரங்களில் வருவது பக்கத்து வீட்டுக்காரர்தான். இப்போதே ஒரு தாள் தயார் செய்யுங்கள்: நடக்க முடியாதவர், ஆக்சிஜனில் இருப்பவர், தனியே வாழ்பவர் யார் யார், ஒவ்வொருவருக்கும் பொறுப்பான இரண்டு வீடு எவை, மேட்டுப் பகுதியில் திறக்கக்கூடிய மண்டபம் எது, சாவி யாரிடம். கைப்பேசிக் கோபுரம் விழுந்தால் எந்த மரத்தடியில் கூடுவது என்பதையும் எழுதுங்கள். தாள் காகிதத்தில் இருக்கட்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்.

தலைவர் பதவியை விடமாட்டேன் என்கிறார். பிளவு வரும்போல் இருக்கிறது.

பெரும்பாலும் அவர் விடமாட்டேன் என்பதல்ல, யாரிடம் விடுவது என்று தெரியவில்லை என்பதே உண்மை. ஒவ்வொரு பொறுப்புக்கும் முதல் ஆண்டிலிருந்தே துணை ஒருவரை, நாற்பது வயதுக்குக் கீழ், கூடவே வைத்திருங்கள். விலகுபவருக்கு ஆலோசகர் என்று மரியாதையான இடம் கொடுங்கள், கையெழுத்து அதிகாரம் மட்டும் வேண்டாம். சண்டை முற்றிவிட்டால், இரு தரப்பும் மதிக்கும் வெளியாள் ஒருவரை வைத்து, சாசனத்தையும் கணக்கையும் மேசையில் வைத்துப் பேசுங்கள். அதன் பின்னும் பிரியத்தான் வேண்டும் என்றால் பிரியலாம். ஆனால் பணம், கூடாரம், நாற்காலி எல்லாம் சாசனம் சொல்லும் அமைப்பிடமே இருக்கும், பாதியாக வெட்டிக்கொள்ள முடியாது.

பொறுப்பு மாறும் நாளில் கைமாற வேண்டியவை: சாசனத்தின் மூலப்பிரதி, பதிவுச் சான்று, நடவடிக்கைக் குறிப்பேடு, ரசீதுப் புத்தகங்கள் பழையதும் புதியதும், வங்கிக் கையொப்ப மாற்றத் தீர்மானம், மின்னஞ்சல் கடவுச்சொல், வாட்ஸாப் நிர்வாக உரிமை, மண்டபச் சாவி, பொருள் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே கொடுத்தவர், பெற்றவர், சாட்சி என மூன்று கையெழுத்து. புதிய நிர்வாகிகளின் பெயர்களை அதே வாரத்தில் துறைக்கு அனுப்பிவிடுங்கள்.